கொடையும் சாட்சியும்

மனிதர் கூடி வாழும் முறைகளை ஆராயும் துறை பண்பாட்டு மானிடவியல். ஒரு வழக்கத்தை நன்று, தீது எனத் தீர்ப்பளிக்கும் முன், அதனைச் செய்வோர்க்கு அதன் பொருள் யாது எனக் கேட்க வேண்டும் என்பது அதன் முதற்பாடம். கேளாமல் விட்டால் விளைவது என்ன என்பதைக் கனடா நாட்டின் வரலாறு காட்டும்.

அந்நாட்டின் மேற்குக் கடற்கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழும் பழங்குடியினருள் ஒருவர் குவாக்வக்கவக்கு மக்கள். திருமணம், பெயர் சூட்டல், இறந்தோர் நினைவு ஆகியவற்றின்போது அவர்கள் எடுக்கும் பெருவிழா 'பொட்லாட்ச்'. முகமூடி அணிந்த ஆடலும் விருந்தும் நிகழ்ந்தபின், விழா எடுத்த தலைவர் போர்வை முதலிய பொருள்களை வந்தோர்க்கெல்லாம் வழங்குவார். சேர்த்தவரினும் வழங்கியவரே அங்கு உயர்ந்தவர்.

அரசு அலுவலரும் சமயப் பரப்புநரும் இதனை வீண்செலவு என்றனர். 1884-இல் இயற்றிய சட்டத் திருத்தம், 1885 முதல் பொட்லாட்சைக் குற்றமாக்கியது.

1886-இல் ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் போவாஸ் அக்கடற்கரைக்கு வந்தார். பின்னர்ப் பலமுறை சென்று, அம்மக்களிடமே கேட்டு எழுதினார். வழங்கிய பொருள் பின்னொரு நாள் வட்டியோடு திரும்பும். ஆதலால் அது விரயமன்று, ஒருவகைச் சேமிப்பே என்று விளக்கினார்.

அப்படியாயின் அதனைத் தானம் எனலாமோ? அதுவும் பொருந்தாது. தானம் பெறுவோரின் தேவையை நோக்கியது. இங்கே பெறுவோர் சாட்சிகள். எழுத்தில் பத்திரம் இல்லாத சமூகத்தில், ஒருவரின் பெயர், பட்டம், உரிமை ஆகியவற்றைக் கண்டு நினைவில் காப்போர் அவர்களே. பரிசை ஏற்பது அவ்வுரிமையை ஏற்பதாகும். ஆகவே விழாவைத் தடுத்த சட்டம், ஒரு மக்களின் ஆவணக் களரியையே மூடிவிட்டது.

1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் மறைவாக ஒரு பெருவிழா நடந்தது. கலந்துகொண்டோர் கைதாயினர். முகமூடிகளையும் விழாப் பொருள்களையும் ஒப்படைக்க இசைந்த ஊரார்க்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. இசையாதோர் சிறை சென்றனர். முன்னோர் பொருளா, சொந்த விடுதலையா என்னும் கொடிய தேர்வு அது. ஒப்படைத்த பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன, சில விற்கப்பட்டன.

1951-இல் சட்டத்தைத் திருத்தியபோது அத்தடை விடப்பட்டது. 1971-இல் பன்முகப் பண்பாட்டுக் கொள்கையை அறிவித்த கனடா, 1988-இல் அதனைச் சட்டமாக்கியது. எனினும் முகமூடிகள் தாமாகத் திரும்பவில்லை. அம்மக்கள் விடாது கேட்டதனால், அவற்றுட் பல மீண்டு வந்தன. அவற்றைக் காக்க 1980-இல் அலர்ட் பேயில் திறக்கப்பட்ட நிலையத்தின் பெயர் 'உமிஸ்தா'. முற்காலத்தில் பகைவரிடம் சிறைப்பட்டு வீடு திரும்பியோரைக் குறித்த சொல் அது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த முகமூடிகளை மீண்டும் அடைத்தல் தகாது எனக் கருதி, அங்கே கண்ணாடிப் பேழையின்றியே வைத்துள்ளனர்.

பல பண்பாட்டினர் வாழும் நாட்டில், பிறர் வழக்கத்தைப் பொறுத்துக்கொள்வது மட்டும் போதாது. அதன் பொருளை அவர்கள் வாயிலாகக் கேட்டறிதல் வேண்டும். இகழ்ச்சிக்கு மட்டுமன்று, புகழ்ச்சிக்கும் முன்னே நிற்க வேண்டியது அக்கேள்வி.