செவி கேளாப் பிள்ளையும் நம் இல்லமும்



மெட்ரிக்குலேஷனோடு நின்ற இரயில்வே எழுத்தர் கல்வியைப் பற்றிப் பேசலாமோ என்று நினையாதீர்கள். பிள்ளை பெற்றவர் எவரும் பேசலாம்.

பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செவிகேளாப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். இங்கோ ஜகதியில் அரசுப் பள்ளி இருக்கிறது. 1997-இல் தொடங்கிய 'நிஷ்' நிறுவனம் ஆக்குளத்தில் உள்ளது. செவித்திறனை அங்கே சோதிக்கலாம். "மூன்று வயதில் தானே பேசும்" என்று பாட்டிமார் சொல்வதை நம்பிக் காத்திருத்தல் பெருந்தீங்கு.

சாலைவாழ் தமிழருக்கு வேறோர் இடரும் உண்டு. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். உதட்டைப் பார்த்தறியும் பிள்ளைக்குப் 'பாடு' என்பதும் 'மாடு' என்பதும் ஒன்றாகவே தோன்றும். ஒரு மொழியிலேயே இப்பாடெனின், இரு மொழிகளில் அது என் செய்யும்?

கைச்சைகையோ தமிழுமன்று, மலையாளமுமன்று. தனக்கென இலக்கணமுடைய தனிமொழி. 1880-இல் மிலான் மாநாடு சைகையைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. அத்தீர்மானங்களை வான்கூவர் மாநாடு நிராகரித்தது 2010-இல்! 130 ஆண்டுகள், எத்தனை பிள்ளைகளின் கைகள் கட்டுண்டு கிடந்தன! இந்தியச் சைகைமொழி அகராதி 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்துவிட்டது; காட்சியாகவே கைப்பேசியில் காணலாம்.

பள்ளியில் சேர்த்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணும் தந்தையர், மாலையில் "சாப்பிட்டாயா?" என்பதற்கு மேல் தம் பிள்ளையுடன் பேச வழியின்றி அமர்ந்திருக்கின்றனர். வீட்டார் அனைவரும் சைகை கற்கவேண்டும். அண்ணனும் தங்கையும் முதலில்.

சங்கம் மாதம் ஒரு மாலை இடமளிக்குமாயின் ஆசிரியர் ஒருவரை அழைத்துக் கற்கத் தொடங்கலாம். பாய் விரிக்கும் பணி என்னுடையது.