வளர்க்கிற நாய்க்கும் கருத்தடை

போன வருஷம் எங்க நாய் ஆறு குட்டி போட்டது. ஆண் குட்டி இரண்டையும் கேட்டு வாங்கிப் போனார்கள். நாலு பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுச் சந்தையில் விட்டு வந்தவள் நான்தான். இன்னிக்கும் அந்தப் பக்கம் போக மனசு வரல.

மத்திய அரசின் 2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்கு ஆபரேஷன் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. வீட்டில் வளர்ப்பதற்கு வளர்க்கிறவரே பொறுப்பு. குடற்புழு மருந்து, தடுப்பூசி, கருத்தடை மூன்றுக்கும். தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்தாலும் அப்படித்தான்.

“வாயில்லாத ஜீவன், பாவம்டி” என்றார் மாமியார். சந்தையில் விட்டபோது அந்தப் பாவம் எங்கே போச்சு? நம்ம வீடுகளில் ஆபரேஷன் என்றாலே பொம்பளைக்குத்தான். நாய்களில் ஆணுக்கும் செய்கிறார்கள்!

எங்க நாய்க்குச் செய்தாச்சு, தையலும் பிரிச்சாச்சு. அடுத்தது பூனை.