வாடகைக்கு இருந்தவர் காத்த கல்வீடு

(நமது சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டடம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தேய்மானக் கணக்குதான். வருஷாவருஷம் கழித்துக்கொண்டே வந்தால், ஒரு நாள் ஏட்டில் மதிப்பு எதுவும் மிஞ்சாது. ஆனால் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டுஷயரில், தேம்ஸ் நதியை ஒட்டிய கெல்ம்ஸ்காட் கிராமத்தில், சுமார் 1600-ல் ஒரு விவசாயக் குடும்பத்துக்காகக் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது.

சுவர்கள் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல். கூரையில் மண் ஓடு கிடையாது. மெல்லிய கல் பலகைகளைத்தான் அடுக்கியிருக்கிறார்கள். இறவாரத்தில் பெரிய பலகைகள், மேலே போகப்போகச் சிறியவை. மழைத் தண்ணீர் கீழே வரவரப் பெருகும். அங்கே பெரிய கல் இருந்தால் இணைப்புகள் குறைவு, ஒழுகும் வாய்ப்பும் குறைவு. சிறிய கற்களும் வீணாகாமல் மேலே பயன்படுகின்றன.

இப்படிப்பட்ட பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரைதான் பொருத்தம். சுவரில் ஏறும் ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, நாளடைவில் கல்லே உதிரும்.

1871-ல் இந்த வீட்டுக்குக் குடிவந்தவர் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ். 1896-ல் இறக்கும்வரை அவர் அங்கே வாடகைதாரர்தான். வீட்டை அவர் மனைவி ஜேன் வாங்கியது 1913-ல். அக்காலத்தில் 'புதுப்பிக்கிறோம்' என்று பழைய தேவாலயங்களைச் சுரண்டி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 1877-ல் மாரிஸ் நண்பர்களோடு பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. அவர்கள் கொள்கை எளிது: சின்னப் பழுதை உடனே சரிசெய், நன்றாக இருப்பதைப் பெயர்க்காதே.

"வாடகைக்கு இருப்பவருக்கு என்ன அக்கறை?" என்ற பேச்சு நம் கூட்டங்களிலும் அடிக்கடி வருகிறது. கெல்ம்ஸ்காட்டைப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. மொட்டைமாடி வடிகாலில் அடைப்பு, குழாயில் கசிவு, சுவரில் ஈரம் என்று எதுவானாலும், முதலில் பார்ப்பவர் அங்கே குடியிருப்பவர்தான். அவர் சொந்தக்காரரா, வாடகைதாரரா என்று தண்ணீர் பார்ப்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. பழுது கண்ணில் பட்ட அன்றே புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். பராமரிப்புக் குழுவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இடம் கொடுங்கள்.