ரசிகருக்கு மறந்துபோன வசனம்



வீட்டுக்கு வீடு ஒரு நகைச்சுவை ரசிகர் இருப்பார். சனிக்கிழமை இரவு காப்பிக் குவளையோடு தொலைக்காட்சி முன் அமர்ந்துவிட்டால், திரையில் வடிவேலு வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் வசனத்தைச் சொல்லி முடித்திருப்பார். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வரியும் காதில் விழாது.

அப்படியோர் ரசிகர் தோ பாயோ வீவக வீடு ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு காட்சி கையிருப்பில் உண்டு. மின்தூக்கி பழுதாகி எட்டு மாடி ஏறி வந்தால், 'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ளயைப் போல ஒன்றுமே நடக்காத மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நுழைவார். மனைவி வாங்கி வரச் சொன்ன இரண்டு கறிபாப்பில் ஒன்று வழியிலேயே காணாமல் போயிருந்தால், 'கரகாட்டக்காரன்' (1989) செந்திலாக மாறி, மிச்சமுள்ள ஒன்றைக் காட்டியே கணக்கை முடிக்கப் பார்ப்பார்.

2019 மே மாதம் நினைவிருக்கிறதா? ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழ் ரசிகர் ஒருவர், இது விழுந்துதான் காண்டிராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்று பதில் போட்டார். அது 'ஃபிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு வாங்கிய அடி! நேசமணி நலம்பெற உலகமே டுவிட்டரில் பிரார்த்தித்தது. நம் ரசிகரும் அன்று அலுவலகத்தில் சோகமாக உட்கார்ந்திருக்க, பக்கத்து மேசைச் சீன நண்பர், "எந்த மருத்துவமனை?" என்று உண்மையிலேயே கவலையோடு கேட்டார்.

இதுவரை சிரிப்பு. இனி கொஞ்சம் சிந்தனை.

ரசிகரின் மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள் சாப்பிடவில்லை, பேசவில்லை. மெல்ல விசாரித்தால், வகுப்புப் பையன் ஒருவன் அவள் நிறத்தைச் சொல்லி, சினிமாவில் வரும் பட்டப்பெயரால் கூப்பிட்டானாம். மற்றவர்கள் சிரித்தார்களாம்.

ரசிகருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் அந்தப் பையனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது?"

"அவன் அப்பாவும் உங்களை மாதிரி ரசிகர்தாம்ப்பா. போன வாரம் நீங்களும் சித்தப்பாவை அப்படித்தானே கூப்பிட்டீங்க? நாமெல்லாம் சிரிச்சோமே."

அதற்குப் பதில் சொல்ல அவரிடம் எந்தக் காட்சியும் இல்லை.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா நடுங்குகிறார். சினிமாப் பித்தும் பயமும் அங்கே சிரிப்பாகின்றன. கைப்புள்ளயை அடிப்பது அவருடைய வாய்ச்சவடால்தான். சவடாலை ஒருவர் நினைத்தால் விட்டுவிடலாம். பிறந்த நிறத்தை எங்கே கொண்டுபோய் விடுவது? கவுண்டமணி–செந்தில் ஜோடியைக் கொண்டாடாத வீடில்லை. ஆனால் செந்திலின் நிறத்தையும் தலையையும் சொல்லி வந்த திட்டுகள் எத்தனை! அவராவது சம்பளம் வாங்கிக்கொண்டு திட்டு வாங்கினார். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யார் சம்பளம் கொடுப்பது?

அதற்காகத் தொலைக்காட்சியை மூடிவைக்க வேண்டியதில்லை. நம் ரசிகரும் மூடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே நாற்காலி, அதே காப்பி. வாழைப்பழக் காட்சிக்கு வயிறு வலிக்கச் சிரித்தார். வேறொரு காட்சியில் அந்தப் பட்டப்பெயர் வரும் இடம் நெருங்கியது. எப்போதும் நடிகரை முந்திக்கொள்பவர் வாயைத் திறக்கவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"வசனம் மறந்துபோச்சும்மா" என்றார்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்று வீட்டில் அதிகம் சிரித்தது அவள்தான்.