வீட்டிலிருந்தே விஎஃப்எக்ஸ் வேலை: பெற்றோர் அறிய வேண்டியவை

(கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே சினிமா விஎஃப்எக்ஸ் வேலை செய்யும் சிலர் சேர்ந்து உங்கள் முன் நிற்கிறோம். "ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கானே, இது நிலையான வேலையா?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். பத்து விநாடிக் காட்சி என்றால் 240 படங்கள். கதாநாயகன் கயிற்றில் தொங்கிப் பறந்தால், ஒவ்வொரு படத்திலும் அந்தக் கயிற்றை அழிக்க வேண்டும். ஆளைச் சுற்றிக் கோடு வரைந்து பிரிப்பது ரோட்டோ. பிரித்ததை வேறு பின்னணியோடு சேர்ப்பது காம்போசிட்டிங். திருப்பூர் பனியனுக்குப் பிசிறு வெட்டுவது போல, பொறுமையும் பல கைகளும் கேட்கும் வேலை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வரும்வரை, பெரிய ஸ்டூடியோக்களில் இந்த வேலை நடக்கும் கம்ப்யூட்டர்களுக்கு வெளி இன்டர்நெட் இணைப்பே கிடையாது. வெளிவராத படம் கசிந்துவிடக் கூடாது என்பது படக் கம்பெனிகளின் நிபந்தனை. ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வீட்டு வேலைக்கு அனுமதி கிடைத்தது.

அது எப்படி நடக்கிறது? 2கே அளவுள்ள ஒரு படம், சுருக்காமல் வைத்தால் சுமார் 13 எம்பி. 240 படங்களுக்கு 3 ஜிபிக்கு மேல். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. இதையெல்லாம் வீட்டுக்கு அனுப்புவதும் சிரமம், ஆபத்தும்கூட. அதனால் கம்ப்யூட்டரும் ஃபைல்களும் ஸ்டூடியோவிலேயே இருக்கும். அதன் திரைக் காட்சி மட்டும் பூட்டிய பாதையில் நம் வீட்டுக்கு வரும். நம் பேனா அசைவு அங்கே போகும். துணி மில்லிலேயே இருக்கிறது, நம் கை மட்டும் அங்கே போய் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீட்டில் லட்சக்கணக்கில் கம்ப்யூட்டர் தேவை என்று யாராவது சொன்னால் உடனே கடன் வாங்காதீர்கள். முதலில் ஸ்டூடியோவிடம் கேளுங்கள்.

வீட்டில் தேவைப்படுவது வேறு. ஃபைபர் இணைப்பு வேண்டும். அதை வைஃபையில் அல்லாமல் கேபிளில் இணைக்க வேண்டும். பேனா நகர்ந்து, கோடு தாமதமாக வந்தால் வேலை ஓடாது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரோடு மோடமும் நிற்காதபடி யுபிஎஸ் வேண்டும். திரை மற்றவர் கண்ணில் படாத ஒரு மூலை வேண்டும். தம்பி தங்கை எட்டிப் பார்ப்பதும், செல்போனில் படம் எடுப்பதும் கூடாது. அந்தக் காட்சி நம்மிடம் தரப்பட்ட அமானிதம். ஒரு படம் கசிந்தால் ஒருவர் வேலை மட்டுமல்ல, மொத்தக் குழுவின் வேலையும் போகும்.

ஆளுக்கொரு ஊரில் இருப்பதால் ஒழுங்கு முக்கியம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வரிசை எண் போட்டு சேமிக்கிறோம். சொன்ன திருத்தங்களை எழுத்தில் வாங்குகிறோம். வீட்டுத் திரைகளில் நிறம் ஒன்றுபோல் இராது என்பதால், இறுதி நிறச் சோதனை ஸ்டூடியோவில்தான் நடக்கும். லண்டன் நேரம் நம்மைவிட நாலரை முதல் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அங்கிருந்து திருத்தம் வரும்போது இங்கே மாலையாகிவிடும். பிள்ளைகள் இரவில் விழித்திருப்பது இதனால்தான். ஜும்ஆ நேரத்தையும் ஓய்வு நாளையும் சேரும்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நம் பெண் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனாலும் முதல் ஓராண்டாவது, முடிந்தால் ஸ்டூடியோவுக்கே போய் வேலை பார்க்கட்டும். பக்கத்து இருக்கையில் அனுபவசாலியைப் பார்த்துக் கற்பது வீட்டில் கிடைக்காது.

இனி நிலையான வேலையா என்ற கேள்வி. 'தி ஜங்கிள் புக்' படத்துக்காக ஆஸ்கார் வென்ற எம்பிசி நிறுவனத்தின் தாய்க் குழுமம் டெக்னிகலர். அது 2025 பிப்ரவரியில் சரிந்தது. பெங்களூரில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ரோட்டோ வேலையில் ஒரு பகுதியை இப்போது செயற்கை நுண்ணறிவும் செய்கிறது. எனவே டிகிரியை விட்டுவிட வேண்டாம். ரோட்டோவோடு நிற்காமல் காம்போசிட்டிங் வரை கற்க வேண்டும். சம்பளத் தேதி, பிஎஃப், வேலை நேரம் எல்லாம் எழுத்தில் வேண்டும்.

பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன் ஆறு மாதம் வீட்டிலேயே பழகிப் பாருங்கள். பிளெண்டர் இலவசம். டாவின்சி ரிசால்வுக்கு இலவசப் பதிப்பு உண்டு. ஸ்டூடியோக்கள் பயன்படுத்தும் நியூக் மென்பொருளும் பழகுவதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. 240 படங்களில் ஒரு கயிற்றைச் சலிக்காமல் அழிக்க முடிந்த பிள்ளைக்கு இந்த வேலை வரும்.

அறக்கட்டளையிடம் ஒரு கோரிக்கை. ஒரு சிறு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், ஒரு ஃபைபர் இணைப்பு தாருங்கள். ஞாயிறுதோறும் நாங்கள் முறை வைத்து வந்து கட்டணமின்றிச் சொல்லித் தருகிறோம்.