மக்கள் வண்டியும் மாளிகை வண்டியும்

ஜேர்மனி நாட்டின் கிழக்குப் பகுதியில், எல்பே நதிக்கரையிலே, டிரெஸ்டன் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அந்நகரின் நடுவே 2001ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விந்தையான தொழிற்சாலை ஒன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் சுவர்கள் கண்ணாடியாலானவை. தளம் மேப்பிள் மரப் பலகையாலானது. கரியும் புகையும் அங்கே இல்லை. வெள்ளுடை தரித்த தொழிலாளர் மோட்டார் வண்டிகளைப் பொருத்துவதை வீதியிலே செல்வோரும் நின்று பார்க்க முடிந்தது. உதிரிப் பாகங்கள் பல, நகரத்து டிராம் தண்டவாளத்தின் வழியாகவே தனி வண்டிகளில் வந்து சேர்ந்தன. செய்து முடிந்த கார்கள் 40 மீற்றர் உயரமான கண்ணாடிக் கோபுரமொன்றிலே அடுக்கடுக்காக நின்றன. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எல்பே பெருக்கெடுத்து நகரத்தின் இசைநாடக அரங்கினுள் புகுந்தபோது, "கார்மென்" என்னும் இசைநாடகத்தை இத்தொழிற்சாலையிலேயே மேடையேற்றினார்கள். கார் செய்யும் இடம் கலையரங்காகவும் உதவிற்று என்றால், அதன் எழிலை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனை சிறப்போடு அங்கே செய்யப்பட்டது எந்த வண்டி? வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் "ஃபேற்றன்" என்னும் ஆடம்பரக் கார். வொக்ஸ்வாகன் என்ற சொல்லுக்கு ஜேர்மன் மொழியிலே "மக்கள் வண்டி" என்பதே பொருள். வண்டு போன்ற வடிவுடைய அதன் பழைய சிறு கார் இரண்டு கோடிக்கு மேல் செய்து விற்கப்பட்டது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் சிறு வணிகரும் கடன்பட்டேனும் வாங்கிய வண்டி அது. அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு, பென்ஸ் கார் வாங்கும் செல்வரின் வாசலிலே போய் நிற்க முடியுமா? இதுவே பல கோடி யூரோவைப் பணயம் வைத்து அந்நிறுவனம் கேட்ட கேள்வி.

கேட்டவர் ஃபேர்டினண்ட் பியெக். வண்டுக் காரை வடிவமைத்த ஃபேர்டினண்ட் போர்ஷேயின் பேரர், 1993 முதல் 2002 வரை வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் தலைவர், தேர்ந்த பொறியியலாளர். 1997இல் பென்ஸ் நிறுவனம் சிறு காரொன்றை வெளியிட்டு, வொக்ஸ்வாகனின் வயலிலே ஏர் பூட்டத் தொடங்கியது. அவர்கள் கீழே இறங்கலாமெனின் நாம் மேலே ஏறலாகாதா என்பது பியெக்கின் எண்ணம். அவர் தம் பொறியியலாளர்முன் வைத்த நிபந்தனைகளுள் ஒன்று இன்றும் வியப்போடு பேசப்படுகிறது. வெளியே 50 பாகை வெப்பம் கொதிக்கையில், மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் நாள் முழுவதும் ஓடினாலும், உள்ளே 22 பாகைக் குளிர்ச்சி மாறாதிருத்தல் வேண்டும் என்றார் அவர். விற்பனைக்கு வந்த வண்டியின் வேகமோ 250 கிலோமீற்றரிலே தடுத்து நிறுத்தப்பட்டிருந்தது! எனினும் குறி உயர்ந்ததாக இருந்தமையால் வேலையும் உயர்ந்தது. பன்னிரண்டு உருளை எந்திரமும், நான்கு இருக்கைக்கும் வெவ்வேறாக அமையும் காற்றுக்குளிரூட்டலும் பெற்று, 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜெனீவாக் கண்காட்சியிலே ஃபேற்றன் அரங்கேறியது.

வண்டியிலே குறை கண்டவர் சிலரே. அதன் திறத்துக்கு வலுவான சான்று வேறோரிடத்தில் உண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பென்ட்லி நிறுவனத்தை 1998இல் வொக்ஸ்வாகன் வாங்கியிருந்தது. 2003இல் வெளிவந்த பென்ட்லி கொன்டினென்டல் கார், ஃபேற்றனுக்குரிய அடித்தளத்தையும் பன்னிரண்டு உருளை எந்திரத்தையும் பகிர்ந்துகொண்ட வண்டி. பின்னர் வந்த நான்கு கதவுப் பென்ட்லிகளுட் சில, டிரெஸ்டனின் அதே கண்ணாடி மண்டபத்திலேதான் பொருத்தப்பட்டன. பென்ட்லியைப் பெரும் விலை கொடுத்து மகிழ்ச்சியோடு வாங்கிச் சென்றார்கள். அதன் உடன்பிறப்பான ஃபேற்றனையோ ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை.

ஆண்டுக்கு 20,000 வண்டிகள் என்பது திட்டம். பதினான்கு ஆண்டுகளிலே மொத்தமாகச் செய்யப்பட்டவையே ஏறத்தாழ 84,000. அமெரிக்காவில் 65,000 டொலரை அண்மித்த விலையிலே அதனை வைத்தார்கள். 2004ஆம் ஆண்டில் அங்கே விற்றவை இரண்டாயிரத்தையும் எட்டவில்லை. அடுத்த ஆண்டில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கின. 2006இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே அது விலகிற்று. விற்ற ஒவ்வொரு ஃபேற்றனிலும் நிறுவனத்துக்கு 28,000 யூரோ வரையில் நட்டம் என்று முதலீட்டு ஆய்வாளர் 2013இல் கணித்தனர். கணிப்பில் முன்பின் இருக்கலாம். இலாபம் வந்ததென்று சொன்னவர் மட்டும் எவருமில்லை.

ஏன் இப்படி நேர்ந்தது? அமெரிக்க விற்பனைக் கூடமொன்றைக் கற்பனை செய்து பார்க்க. ஃபேற்றனுக்குப் பக்கத்திலே, அதன் விலையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த ஜெட்டா கார் நிற்கிறது. இரண்டின் முகப்பிலும் ஒரே இலச்சினை. மாணவனொருவன் தன் முதற் காருக்குத் தவணை பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கு அடுத்த மேசையிலே செல்வர் ஒருவர் அமர்த்தப்படுகிறார். அவர் வாங்க வந்தது இருக்கையின் மென்மையை மட்டுமா? தாம் வந்திறங்கும் இடமெல்லாம் தம்மைப் பற்றி வண்டி முன்னதாகவே சொல்லிவைக்கும் ஒரு சொல்லையும் சேர்த்துத்தான் அவர் வாங்குகிறார். ஃபேற்றனோ தூரத்திலே பார்ப்பவருக்குச் சற்றுப் பெருத்த பஸாத் காராகவே தோன்றியது. இவ்வாறான வண்டி கைமாறும்போது விலை விரைந்து சரியும். அதனைக் கண்ட அடுத்தவர் வாங்கத் தயங்குவார். போதாக்குறைக்கு, பென்ஸ், பி. எம். டபிள்யூ. வண்டிகளோடு போட்டியிடுவதற்கென்றே வொக்ஸ்வாகன் குடும்பத்தில் அவுடி என்ற மூத்த பிள்ளை ஏற்கெனவே இருந்தது.

அந்த அவுடியின் வரலாற்றை ஃபேர்டினண்ட் பியெக் மறந்ததுதான் வியப்பு. 1972இல் அந்நிறுவனத்திற் சேர்ந்து, 1988இல் அதன் தலைவராகி, நடுத்தரமாயிருந்த அப்பெயரைப் படிப்படியாக உயர்த்தியவர் அவரே. அதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. வொக்ஸ்வாகனுக்கு அதனை ஒரே வண்டியாலே செய்துவிடலாமென அவர் நம்பினார். கிரேக்கப் புராணம் அறிந்தவர்க்கு வண்டியின் பெயரே உறுத்தும். ஃபேற்றன் என்பது குதிரை பூட்டிய ஒருவகைத் திறந்த வண்டிக்குப் பெயர். அதற்கும் முன், தந்தையாகிய சூரியனின் தேரைப் பிடிவாதமாய் வாங்கி ஓட்டி, குதிரைகளை அடக்கமாட்டாமல் இடியுண்டு வீழ்ந்த இளைஞனின் பெயர் அது. பெயர் சூட்டியவர்கள் இதை எண்ணினார்களோ, என்னவோ!

யப்பானியர் வேறு வழி சென்றார்கள். ரொயோட்டா நிறுவனம் 1983இல் உயர்தரக் காரொன்றைத் திட்டமிட்டபோது, அமெரிக்காவிலே தன் பெயர் சிக்கனத்துக்கு அடையாளம் என்பதை நன்குணர்ந்திருந்தது. ஆகவே 1989இல் அக்கார் அங்கே லெக்சஸ் என்ற புதுப் பெயரோடும், தனி விற்பனைக் கூடங்களோடும் வந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே சிறு பழுதுகள் காரணமாக ஏறத்தாழ 8,000 வண்டிகளைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. புதுப் பெயர் அத்தோடு அழிந்திருக்கலாம். ஆனால் விற்பனையாளர்கள் உரிமையாளரின் வீடு தேடிச் சென்று வண்டியை எடுத்துவந்து, பழுது நீக்கிக் கழுவி, எரிபொருளும் நிரப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். பழுதுபட்ட வண்டியாலேயே நற்பெயர் தேடிய திறமை அது. கொரியாவின் ஹியுண்டாய், தன் பெயரிலேயே "எக்குவஸ்" என்னும் பெருங்காரை 2010இல் அமெரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்தது. 2015இல் "ஜெனிசிஸ்" என்ற தனிப் பெயரை நாட்டியது.

அவ்வாறாயின் பெயரை மாற்றினாலன்றி வழியே இல்லையா? அப்படி முடிவு கட்டுவதற்கு யப்பானே இடந்தரவில்லை. லெக்சஸ் என்று அமெரிக்கர் வாங்கிய அதே காரை, யப்பானியர் "ரொயோட்டா செல்சியோர்" என்றே வாங்கினர். லெக்சஸ் என்ற பெயர் அந்நாட்டுச் சந்தைக்கு வந்தது 2005இலேதான். 1955 முதல் ரொயோட்டாவின் "கிரவுன்" காரும், நிறுவனத்தின் மூதாதையான சாகிச்சி டொயோடா பிறந்த நூற்றாண்டையொட்டி 1967இல் வந்த "செஞ்சுரி" காரும் அங்கே மதிப்பு மிக்கோரின் வாகனங்களாயிருந்தன; 2006இல் பேரரசரின் வண்டியாகவும் ஒரு செஞ்சுரியே அமைந்தது. சிறிய ரொயோட்டாவிலே வாழ்க்கையைத் தொடங்கி, பதவி உயர உயரப் பெரிய ரொயோட்டாவுக்கு மாறிய தலைமுறை அங்கே உருவாகியிருந்தது. ஏறுவதற்குப் படிகள் இருந்தன. வொக்ஸ்வாகன் ஐரோப்பாவிலே மேல்மாடியைக் கட்டியது. இடையிலே போதிய படிகளை வைக்கவில்லை. ஃபேற்றன் ஓரளவு நன்றாக விற்ற நாடு சீனா என்பதும் கவனிக்கத் தக்கது. 1980களிலே தனியார் கார்கள் அரிதாயிருந்த அந்நாட்டுக்கு, அலுவலர்களும் அதிகாரிகளும் ஏறிச்சென்ற சன்டானா வடிவிலே வந்து சேர்ந்த பெயர் வொக்ஸ்வாகன். ஐரோப்பாவில் எளியோரின் வண்டியென அறியப்பட்ட பெயர், அங்கே தொடக்கத்திலிருந்தே சற்று உயரத்தில் இருந்தது.

ஃபேர்டினண்ட் பியெக் 2015 ஏப்ரலில் மேற்பார்வைச் சபையின் தலைமையிலிருந்தும் விலகினார். அவ்வாண்டு செப்டெம்பரில் டீசல் எந்திரப் புகை பற்றிய மோசடி வெளிப்பட்டு, நிறுவனம் செலவைச் சுருக்கும் நிலைக்குள்ளாயிற்று. 2016 மார்ச்சு மாதத்தில் கடைசி ஃபேற்றன் டிரெஸ்டனில் முடிவுற்றது. 2017இல் அதே மேப்பிள் தளத்தின்மேல் மின்சாரக் கோல்ஃப் கார்கள் பொருத்தப்படலாயின. கோல்ஃப், வண்டுக் காருக்கு வாரிசாய் வந்த மக்கள் வண்டி.