பூட்டிய பையும் திறந்த கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எல்லோருக்கும் ஒரே விதி இருக்குமாயின் அது நீதியான போட்டி என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். ஓட்டக்காரர் யாவரும் ஒரே கோட்டில் நிற்கின்றனர். ஒரே வெடியோசையிற் புறப்படுகின்றனர். இதற்குமேல் நீதி எதற்கு என்கிறோம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, அமெரிக்க உயர்பள்ளி மாணவரின் றோபோப் போட்டியொன்றை எடுத்துக்கொண்டு இன்று ஆராய விரும்புகிறோம்.

அப்போட்டியை நடத்துவது 'ஃபேர்ஸ்ட்' என்னும் நிறுவனம். டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் அதனை 1989ஆம் ஆண்டில் நிறுவினார். 1992இல் நியூ ஹம்சயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில், 28 குழுக்கள் முதன்முதலாகப் போட்டியிட்டன. இன்று பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான குழுக்கள் பங்குபற்றுகின்றன.

சனவரித் தொடக்கத்தில், அவ்வாண்டுக்குரிய விளையாட்டு எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நாளில் அறிவிக்கப்படும். 2012இல் றோபோக்கள் பந்துகளைக் கூடைக்குள் எறிய வேண்டியிருந்தது. 2013இல் தட்டுகளை வீசிக் கூம்பகத்தில் ஏற வேண்டியிருந்தது. ஆகவே சென்ற ஆண்டின் றோபோவைத் தூசி தட்டிக்கொண்டு போக வழியில்லை. முதல் வாரத்தில் விதிநூலைப் படித்து, பலகைத் துண்டுகளால் மாதிரி செய்து பார்ப்பர். பின்னர் சட்டம் அமைத்து, மோட்டர் பூட்டி, வயர் இணைத்து, கணினி நிரல் எழுதுவர். றோபோவின் நிறை, பற்றரியும் காப்புப் பட்டையும் நீங்கலாக, 120 இறாத்தலுக்கு மேற்படலாகாது என்று பல ஆண்டுகள் விதி இருந்தது. நிறை மிஞ்சினால் தகடுகளிற் துளையிட்டுச் சிறிது சிறிதாகக் குறைப்பர். பெரும்பாலும் உலோக வேலை செய்வோரே நாட்களை விழுங்கிவிடுவர்; நிரல் எழுதுவோருக்கும் றோபோவை இயக்கும் சாரதிக்கும் கடைசி இரவே எஞ்சும்.

இந்த ஆயத்தத்திற்கு 2019 வரை ஒரு கண்டிப்பான எல்லை இருந்தது. ஏறத்தாழ ஆறு வாரம் முடிந்ததும் வேலை நிற்க வேண்டும். அவ்வெல்லையின் பிற்காலத்தில், றோபோவைப் பெரியதொரு பிளாஸ்டிக் பையினுள் இட்டு, இலக்கமிட்ட பூட்டினாற் பூட்டிவிடுவர். போட்டிக்கென ஒதுக்கிய நேரத்திலன்றி அதைத் திறத்தல் ஆகாது. வறியவருக்கும் செல்வருக்கும் ஒரே நாள், ஒரே பூட்டு. இதனைவிட நேர்மையான ஏற்பாடு வேறு என்ன வேண்டும்?

ஆனால் நடந்தது யாது? பொருள் வளமுள்ள குழுக்கள் ஒரே மாதிரியான றோபோக்கள் இரண்டு செய்தன. ஒன்று பைக்குள் உறங்கியது. மற்றொன்று தொழிற்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டு சாரதி நாள்தோறும் பயின்றார். நிரலிற் பிழை திருத்தினர். ஒரேயொரு றோபோவுக்கே பணந் தேடித் திரிந்த குழுவின் சாரதியோ பூட்டிய பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதி ஒன்றே, அதன் பாரம் ஒன்றன்று.

2020ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து அவ்விதி நீக்கப்பட்டது. அவ்வாண்டு கொரோனா நோயினால் போட்டிகள் இடையில் நின்றபோதிலும், பின்னர் அப்பை மீண்டும் வரவில்லை. இந்நீக்கத்தை எல்லோரும் வரவேற்றனர் என்று சொல்வதற்கில்லை. எல்லை இருந்தபடியாற்றான் மாணவர் நித்திரை கொண்டனர், பாடம் படித்தனர், துணைநின்ற ஆசிரியர் வீடு திரும்பினர் என்று வாதிட்டோரும் உளர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், இரண்டாவது றோபோ வாங்கப் பணம் வேண்டும். இருக்கும் ஒன்றிற் பயில நாட்களே போதும். ஆதலின் பூட்டைத் திறந்தது சரி என்பதே எமது கருத்து.

பூட்டைத் திறந்தமையால் ஏற்றத்தாழ்வு முற்றாக ஒழிந்ததா? இல்லை. செல்வருக்கும் அதே நாட்கள் கிடைத்தன. விதி செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதியை மனிதரே செய்தல் வேண்டும்.

அதனையும் அம்மாணவர் செய்கின்றனர். போட்டி நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் திருத்தவேலைக்கெனச் சிறியதோர் இடம் உண்டு. ஒரு குழுவின் மோட்டர் பழுதானால் ஒலிபெருக்கியில் அறிவிப்பர். வேறொரு குழு தன் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவரும். தொடக்கச் சுற்றுக்களில் மும்மூன்று குழுக்கள் சேர்ந்து ஆடும். சேர்க்கை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இப்பொழுது தோழன், அடுத்த ஆட்டத்தில் எதிரி. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராயிருந்து 2019இல் மறைந்த வூடி ஃபிளவர்ஸ் இப்பண்பையே அவர்களுக்கு வலியுறுத்தி வந்தார்: கடுமையாகப் போட்டியிடு, போட்டியிடும்போதே மற்றவனை மதித்து உதவு.

எதிரிக்கு உதவுவது தன் குழுவுக்குச் செய்யும் துரோகமன்றோ என்று நண்பர்கள் வினவலாம். பழுதுபட்ட றோபோவை வென்றவன் பழுதை வென்றானேயன்றி எதிரியை வென்றானல்லன். தன் உழைப்பின் உண்மையான அளவை அறிய விரும்புபவனுக்கு, முழுப் பலத்துடன் நிற்கும் எதிரி தேவை. ஆகவே அவன் கொடுக்கும் மோட்டர் தருமமும் அன்று, நட்டமும் அன்று. தன் வெற்றிக்குத் தானே தேடும் மதிப்பு.

இளைஞர்களே! பரீட்சை நெருங்கும்போது குறிப்புக் கொப்பியை ஒளித்து வைப்போர் எந்த நாட்டிலும் உளர். ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம் என்பதால் அங்கே நீதி நிலைத்துவிட்டது என்றும் அவர்கள் எண்ணலாம். கொப்பி இல்லாதவன் பக்கத்து வாங்கில் இருக்கிறான். அவனுக்கும் அதைத் திறந்து காட்டிய பின்பு எழுதிப் பெறும் புள்ளியே நாம் பெற்ற புள்ளி என்று கூறி, எமது உரையை நிறைவு செய்கிறோம்.